பூக்கள் நிறைந்த ஊரில் தேனீக்குப் பசி ஏன்?

திண்டுக்கல் சமவெளியில் தேனீப் பெட்டிகள் காலியாவதற்கு மகரந்தப் பற்றாக்குறையும் ஒரு முக்கியக் காரணம்

தேனீப் பெட்டி வாங்கி வைத்த விவசாயிகள் பலர் சொல்லும் குறை ஒன்று உண்டு. முதல் இரண்டு மூன்று மாதம் நன்றாக இருந்தது, அப்புறம் கூட்டம் மெலிந்தது, ஒரு நாள் பார்த்தால் பெட்டி காலி. எறும்பா, மெழுகு அந்துப்பூச்சியா, பக்கத்துத் தோட்டத்தில் அடித்த மருந்தா என்று காரணம் தேடுவார்கள். இவை எல்லாமே காரணமாக இருக்கலாம். ஆனால் இவற்றுக்கு முன்பே பல பெட்டிகளில் ஒன்று நடந்திருக்கும். தேனீக்களுக்குப் புரதப் பசி வந்திருக்கும்.

திண்டுக்கல்லில் இதைச் சொன்னால் நம்புவது கடினம். நிலக்கோட்டை மல்லிகைக்குப் பெயர் பெற்ற ஊர். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளாவுக்கு லாரி லாரியாகக் காய்கறி போகிறது. நத்தத்தில் மாவும் புளியும், ஆத்தூர் பக்கம் தென்னையும் இருக்கின்றன. இத்தனை பூக்கும் மாவட்டத்தில் தேனீக்கு என்ன பசி என்று கேட்கத் தோன்றும். நம் கண்ணுக்குப் பூவாகத் தெரிவதெல்லாம் தேனீக்கு உணவு இல்லை என்பதுதான் பதில்.

சோறும் பருப்பும்

பூவிலிருந்து தேனீ இரண்டு பொருட்களை எடுக்கிறது. ஒன்று, தேனாக மாறும் இனிப்பு நீர். இதை மதுரம் என்கிறோம். இது நமக்குச் சோறு போல, பறக்கவும் கூட்டின் வெப்பத்தைக் காக்கவும் சக்தி தருகிறது. மற்றொன்று மகரந்தம். இது பருப்பும், எண்ணெயும், கீரையும் சேர்ந்தது போல. புரதம், கொழுப்பு, வைட்டமின், தாதுக்கள் எல்லாம் தேனீக்கு மகரந்தத்திலிருந்தே கிடைத்தாக வேண்டும். தேனில் புரதம் என்று சொல்லும் அளவுக்கு ஒன்றும் கிடையாது.

வெளியே போகும் பணித் தேனீ பின்னங்காலில் உருட்டிக் கொண்டுவரும் மகரந்தம், அறைகளில் தேனும் உமிழ்நீரும் கலந்து அடைத்து வைக்கப்படுகிறது. இது மெல்லப் புளித்து, கெடாத உணவாகிறது. இதற்குத் தேனீ ரொட்டி என்று பெயர். இதை அதிகம் சாப்பிடுவது கூட்டுக்குள் இருக்கும் இளம் தேனீக்கள், அதாவது செவிலித் தேனீக்கள். சாப்பிட்ட புரதத்தைத் தலையில் உள்ள சுரப்பிகளால் பால் போன்ற கூழாக மாற்றி, ராணிக்கும் இளம் புழுக்களுக்கும் ஊட்டுகின்றன. மகரந்தம் குறைந்தால் சுரப்பி சுருங்கும், கூழ் குறையும், ராணி முட்டையைக் குறைக்கும். இன்னும் முற்றினால் பணித் தேனீக்கள் இளம் புழுக்களையே தின்று புரதத்தை மீட்டுக்கொள்ளும்.

இத்தாலியத் தேனீயில் ஒரு புழுவை வளர்த்து ஆளாக்க ஏறத்தாழ 125 முதல் 145 மில்லிகிராம் மகரந்தம் செலவாகிறது. ஒரு முழுக் குடும்பம் ஆண்டுக்கு 20 முதல் 40 கிலோ வரை மகரந்தம் உண்ணும். நம் இந்தியத் தேனீ உருவத்திலும் கூட்டத்திலும் சிறியது, அளவு குறையும். ஆனால் கணக்கு ஒன்றுதான். மகரந்தம் வராத வாரத்தில் அடுத்த தலைமுறை உருவாகாது.

எல்லா மகரந்தமும் ஒன்றல்ல

தாவரத்துக்குத் தாவரம் மகரந்தத்தின் வேதியியல் மாறுகிறது. சில செடிகளின் மகரந்தத்தில் புரதம் 3 சதவீதத்துக்கும் கீழ் இருக்கும், சிலவற்றில் 60 சதவீதம் வரை போகும். 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்ல மகரந்தம் என்பது தேனீ வளர்ப்பில் ஒரு பொது அளவுகோல்.

புரதத்தின் அளவு மட்டும் போதாது. தேனீயின் உடல் தானாகத் தயாரித்துக்கொள்ள முடியாத அமினோ அமிலங்கள் 10 என்று நெதர்லாந்து ஆய்வாளர் டி குரூட் 1953இல் கண்டறிந்தார். இந்தப் பத்தில் ஒன்று குறைந்தாலும் மற்ற ஒன்பதும் முழுப் பயன் தராது. விவசாயிகளுக்கு இது புதிய கணக்கு அல்ல. யூரியாவை அள்ளிக் கொட்டினாலும் துத்தநாகம் இல்லாத வயலில் நெற்பயிர் தேங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறோம். எது குறைவோ, அதுவே விளைச்சலைத் தீர்மானிக்கும். தேனீக் கூட்டிலும் அதே விதிதான்.

மக்காச்சோளம் இதற்கு நல்ல உதாரணம். ஒட்டன்சத்திரம், தொப்பம்பட்டி, பழனி வட்டாரங்களில் இது பரவலாகப் பயிராகிறது. காலையில் கதிர்ப்பூ மகரந்தம் உதிர்க்கும்போது தேனீக்கள் மொய்ப்பதைப் பார்க்கலாம். மக்காச்சோளம் காற்றில் மகரந்தச் சேர்க்கை நடக்கும் பயிர். பூச்சியை அழைக்கத் தேவை இல்லாததால் அதன் மகரந்தத்தில் மாவுச்சத்து அதிகம், புரதம் 15 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஹிஸ்டிடின் என்ற அவசிய அமினோ அமிலத்திலும் பற்றாக்குறை உண்டு. மக்காச்சோள மகரந்தத்தை மட்டும் கொடுத்து வளர்த்த தேனீக்கள் குறைவான புழுக்களையே வளர்த்தன, அவற்றின் ஆயுளும் குறைந்தது என்று ஜெர்மனியில் நடந்து 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது 100 ஏக்கர் மக்காச்சோளம் ஒரே நேரத்தில் பூத்தாலும், அது தேனீக்கு வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது.

சூரியகாந்தி மகரந்தமும் புரதத்தில் பின்தங்கியதுதான். ஆனால் அதைத் தின்ற வண்டுத் தேனீக்களின் குடலில் ஒரு வகை ஒட்டுண்ணி வெகுவாகக் குறைவதாக அமெரிக்க ஆய்வுகள் கண்டன. அந்த மகரந்தத் துகளின் மேல் உள்ள முட்கள் அதற்குக் காரணம் என்று பின்னர் தெரியவந்தது. ஆகவே ஒரு மகரந்தத்தை நல்லது, கெட்டது என்று பிரிப்பதைவிட, அதனுடன் வேறு என்னென்ன சேர்ந்து வருகிறது என்று பார்ப்பதே சரி.

கொழுப்பும் வேண்டும்

மகரந்தத்தில் புரதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஆய்வுகள் இப்போது கொழுப்பின் பக்கம் திரும்பியுள்ளன. பூச்சிகளால் ஸ்டீரால் என்ற கொழுப்புப் பொருளைத் தயாரிக்க முடியாது. தேனீ அதை மகரந்தத்திலிருந்துதான் பெறுகிறது. தோல் உரிக்கவும் வளரவும் அது கட்டாயம் தேவை.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் தலைமையிலான குழு 2025 ஆகஸ்டில் நேச்சர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. தேனீக்குத் தேவையான 6 ஸ்டீரால்களைத் தயாரிக்கும்படி மாற்றிய ஈஸ்ட்டைச் செயற்கை உணவில் கலந்து கொடுத்தார்கள். 3 மாதத்தில், ஸ்டீரால் இல்லாத உணவு உண்ட கூடுகளைவிட 15 மடங்கு வரை அதிகப் புழுக்கள் கூட்டுப்புழு பருவத்தை எட்டின. அந்த ஈஸ்ட் நம் கைக்கு வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மாவும் சர்க்கரையும் எவ்வளவு கொடுத்தாலும் பூவின் இடத்தை அவை ஏன் முழுதாக நிரப்புவதில்லை என்பதற்கு இந்த ஆய்வு விடை தருகிறது.

இஸ்ரேலில் 2015இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஒமேகா-3 கொழுப்பு குறைந்த உணவை உண்ட தேனீக்களின் கற்கும் திறன் மழுங்குவதாகக் காட்டியது. எந்த வாசனை எந்தப் பூவினுடையது என்று நினைவில் வைக்கத் தெரியாத தேனீ, வயலில் என்ன வேலை செய்யும்?

நல்ல உணவே முதல் மருந்து

1991-92இல் தாய் சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியாவுக்குள் நுழைந்தபோது இந்தியத் தேனீக் குடும்பங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. மார்த்தாண்டம் வட்டாரத்துத் தேனீ வளர்ப்போர் அந்த அடியை இன்றும் மறக்கவில்லை. வைரஸ் பசியால் வருவது அல்ல. ஆனால் எந்த நோயையும் தாங்கும் சக்தி உணவைப் பொறுத்தது.

பல பூக்களின் மகரந்தம் கலந்து உண்ட தேனீக்களில், குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியின் செயல்பாடு ஒரே பூவின் மகரந்தம் உண்டவற்றைவிட அதிகமாக இருந்ததாக 2010இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் கண்டனர். கூட்டு உணவில் கிருமி வளராமல் காப்பது இந்த நொதி. புரத அளவைக் கூட்டியதைவிடக் கலப்பே இங்கு பலன் தந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பூச்சிமருந்தைத் தாங்குவதிலும் மகரந்தத்துக்குப் பங்கு உண்டு. மகரந்தச் சுவரில் உள்ள பி-கூமாரிக் அமிலம், தேனீயின் உடலில் நஞ்சை முறிக்கும் மரபணுக்களைத் தூண்டிவிடுகிறது என்று இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மே பெரன்பாம் குழு 2013இல் வெளியிட்டது. மகரந்தம் வழியாக இது தேனிலும் கலக்கிறது. சர்க்கரைப் பாகில் இது இல்லை. எப்போதும் பாகையே குடித்து வாழும் கூட்டம், அதே மருந்துக்கு எளிதில் பலியாகும்.

இவற்றில் பெரும்பாலானவை இத்தாலியத் தேனீ இனத்தில் நடந்த ஆய்வுகள். எண்கள் இந்தியத் தேனீக்கு மாறலாம், அடிப்படை மாறாது.

நம் சமவெளியின் கணக்கு

இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள் இரை தேடும். பெட்டியை நடுவில் வைத்து ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டால் சுமார் 775 ஏக்கர் வரும். அந்த வட்டத்துக்குள் ஆண்டு முழுவதும் என்ன பூக்கிறது என்பதுதான் கேள்வி.

மல்லிகையை எடுத்துக்கொள்வோம். மொட்டு விரிவதற்கு முன்பே பறித்துச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறோம். சம்பங்கியும் பெரும்பாலும் அப்படித்தான். மொட்டுப்புழுவுக்காக அடிக்கடி மருந்து மட்டும் அந்த வயலில் விழுகிறது. தேனீயின் கணக்கில் மல்லிகைத் தோட்டம் வெறும் நிலம்.

சின்ன வெங்காயத்தைக் காய்க்காக எடுக்கிறோம், பூக்க விடுவதில்லை. முட்டைக்கோஸும் கீரையும் அதே கதை. வேடசந்தூர் பக்கம் புகையிலையில் பூங்கொத்து வந்ததும் தலை கிள்ளிவிடுகிறோம். தக்காளியும் கத்தரியும் பூக்கின்றன, ஆனால் அவற்றின் மகரந்தப் பை நுனித் துளை வழியாகத்தான் உதிரும். உடம்பை அதிரவைத்து அதை உலுக்கத் தெரிந்தவை கருவண்டு போன்ற தச்சுத் தேனீக்கள். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது.

மீதி இருப்பவை எவை? தென்னை முதலில் நிற்கிறது. மாதம் ஒரு பாளை வெடிப்பதால் ஆண்டு முழுவதும் மகரந்தம் தரும் பயிர் அது ஒன்றுதான். முருங்கை ஆண்டுக்கு இரண்டு பருவம் பூக்கும். பங்குனி, சித்திரையில் வேம்பும், அதையொட்டிப் புங்கனும், பின்னர் புளியும் பூக்கின்றன. பூசணி, பாகல், பீர்க்கு, எள், கொத்தமல்லி எல்லாமே தேனீ விரும்பும் பூக்கள். வறட்சியிலும் பூக்கும் சீமைக் கருவேலம், பிடிக்காவிட்டாலும், பல ஊர்களில் தேனீயைத் தாங்குகிறது. அதை அகற்றும்போது அந்த இடத்தில் வேம்பு, புங்கன், நாவல், இலந்தை போன்றவற்றை நட்டால் தேனீக்கு இழப்பு இல்லை.

வரப்பில் தானாக முளைக்கும் தும்பை, நெருஞ்சி, தொட்டாற்சுருங்கி, வெட்டுக்காயப்பூண்டு ஆகியவற்றை நாம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பயிர்ப் பூக்கள் ஓய்ந்த வாரங்களில் கூட்டைக் காப்பாற்றுவது இவைதான். களைக்கொல்லியால் வரப்பை மொட்டையாக்கும் பழக்கம் பரவியதிலிருந்து அந்த இடைக்கால உணவு காணாமல் போகிறது.

பெட்டியே சொல்லிவிடும்

மகரந்தப் பற்றாக்குறையை அறிய ஆய்வகம் வேண்டாம். காலை 7 முதல் 9 மணிக்குள் பெட்டி வாசலில் 10 நிமிடம் அமருங்கள். உள்ளே வரும் தேனீக்களின் காலில் மகரந்த உருண்டை இருக்கிறதா, எத்தனை நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மூன்று நான்கு நிறம் தெரிந்தால் நல்லது. பல நாட்களாக ஒரே நிறம் என்றால் ஒரே பூவை நம்பிக் கூட்டம் வாழ்கிறது என்று பொருள்.

பிறகு புழு வளர்ப்பு அறையில் ஒரு சட்டத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள்.

* புழு இருக்கும் பகுதியைச் சுற்றித் தேனீ ரொட்டி நிரம்பிய அறைகள் வளையம் போல இருக்க வேண்டும்.
* இளம் புழுக்கள் வெண்ணிறக் கூழில் மிதக்க வேண்டும். அறை உலர்ந்து தெரிந்தால் செவிலித் தேனீக்குப் புரதம் போதவில்லை.
* முட்டை இருந்து புழு இல்லாவிட்டாலும், மூடிய அறைகள் இடைவெளி விட்டுச் சிதறி இருந்தாலும் எச்சரிக்கை. நோய், ராணியின் முதுமை ஆகியவற்றோடு பசியையும் சந்தேகப்பட வேண்டும்.

தேன் அறையில் தேன் இருக்கும்போதே இந்த அறிகுறிகள் தோன்றலாம். அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். தேன் இருக்கிறதே, பசி எப்படி வரும் என்று நினைப்பது, அரிசி மூட்டை இருக்கிறதே, பிள்ளை ஏன் மெலிகிறது என்று கேட்பது போலத்தான்.

வயலில் செய்யக்கூடியவை

1. பெட்டி வைக்கும் முன் பூ நாட்காட்டி தயாரியுங்கள். சுற்றுவட்டாரத்தில் எந்த மாதம் எது பூக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வெற்றாக இருக்கும் மாதம் எதுவோ, அதற்குத்தான் நட வேண்டும்.

2. ஏக்கருக்கு 5 சென்ட் அளவில் ஓரப் பட்டையாக எள், கொத்தமல்லி, சூரியகாந்தி ஆகியவற்றை 20 நாள் இடைவெளியில் பிரித்து விதையுங்கள். எள் விதைத்த 35 முதல் 40 நாளிலும், சூரியகாந்தி 55 முதல் 60 நாளிலும் பூக்கும் என்பதால் பூக்காலம் நீளும். விளைபொருளும் வீணாகாது.

3. மக்காச்சோளம், மல்லிகை சாகுபடி செய்வோர் வேலியோரம் முருங்கை, அகத்தி, புங்கன் நடலாம். வேலியில் நிற்கும் மரம் வயலின் பரப்பைக் குறைக்காது.

4. வரப்புக் களையைப் பூத்து முடிந்த பிறகு, விதை விழும் முன் அரிவாளால் அறுங்கள். ஒரே நாளில் எல்லா வரப்பையும் அறுக்காமல் பாதி பாதியாகச் செய்யுங்கள். பார்த்தீனியத்தை மட்டும் விட்டுவைக்க வேண்டாம்.

5. பூசணி, பாகல் போன்றவை காலையில் பூக்கும். மக்காச்சோள மகரந்தமும் காலையில்தான் உதிரும். மருந்து தவிர்க்க முடியாவிட்டால் தேனீ கூடு திரும்பிய பின், மாலையில் அடியுங்கள். ஊடுருவிப் பாயும் மருந்துகள் மகரந்தத்துக்குள்ளும் வரக்கூடியவை. 2018இல் படைப்புழு வந்த பிறகு மக்காச்சோளத்தில் மருந்துச் செலவு கூடியிருக்கிறது. கதிர்ப்பூ வந்த பின் பரிந்துரை இல்லாமல் அடிக்கும் மருந்து பணத்தையும் தேனீயையும் சேர்த்தே இழக்கச் செய்யும்.

6. ஒரே இடத்தில் பெட்டிகளைக் குவிக்க வேண்டாம். பூ குறைந்த இடத்தில் பெட்டி கூடினால் எல்லாக் கூடுகளும் சேர்ந்து மெலியும். தென்னந்தோப்பு ஓரம், சிறுமலை அடிவாரம் போன்ற இடங்களில் பிரித்து வையுங்கள்.

பஞ்ச காலத்தில் மாற்று உணவு

தொடர் மழையிலும் கடும் கோடையிலும் மகரந்த வரத்து நின்றுபோகும். அப்போது சர்க்கரைப் பாகு மட்டும் கொடுப்பது பாதி உதவிதான். புரதத்துக்கு ஹைடாக் என்ற அமெரிக்கத் தேனீ ஆய்வாளர் பெயரில் வழங்கும் கலவையைப் பயன்படுத்தலாம். கொழுப்பு நீக்கிய, வறுத்த சோயா மாவு 3 பங்கு, உயிரற்ற உலர் ஈஸ்ட் 1 பங்கு, கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 1 பங்கு. இதைச் சர்க்கரைப் பாகில் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து, வெண்ணெய்த் தாளில் மெல்லிய வில்லையாக வைத்து, புழு உள்ள சட்டங்களின் மேல் வைக்க வேண்டும். நெல்லிக்காய் அளவு போதும். 3 நாளில் தின்னாததை எடுத்துவிடுங்கள், பூஞ்சணம் பிடிக்கும். பால் பவுடரின் அளவைக் கூட்டக் கூடாது. பாலில் உள்ள சர்க்கரை தேனீக்குச் செரிக்காது.

வெல்லம், கருப்பட்டி கரைத்துக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும். கடையில் வாங்கிய தேனையும் கொடுக்க வேண்டாம். வேறு கூட்டின் நோய் அதில் வரலாம். தேன் எடுக்கும்போது தேனீ ரொட்டி உள்ள அடையில் கை வைக்காதீர்கள். அது அடுத்த தலைமுறையின் சேமிப்பு.

பூ திரும்பியதும் மாற்று உணவை நிறுத்திவிடலாம். இது கஞ்சித் தொட்டி போல, பஞ்சத்தைக் கடக்க உதவும், வாழ்நாள் உணவாகாது.

ஊர் சேர்ந்தால் நடக்கும்

1911 முதல் 1917 வரை தென்னிந்தியாவில் தேனீ வளர்ப்பைக் கற்பித்த பாதிரியார் நியூட்டன், இந்தியத் தேனீயின் அடையை அளந்து அதற்கேற்பப் பெட்டி வடிவமைத்தார். இன்றும் தமிழகத்தில் நாம் பயன்படுத்துவது அந்த நியூட்டன் பெட்டிதான். தேனீக்குப் பொருத்தமான வீடு கிடைத்து நூறு ஆண்டு ஆகிவிட்டது. வீட்டைச் சுற்றியிருந்த சாப்பாடுதான் இதற்குள் குறைந்துபோனது.

775 ஏக்கர் யாரிடமும் தனியாக இல்லை. ஒரு விவசாயி 5 சென்ட் பட்டை போட்டால் அவருடைய பெட்டிக்குக் கொஞ்சம் உதவும். அதே ஊரில் 50 பேர் போட்டால் இரண்டரை ஏக்கர் பூ, வெவ்வேறு வாரங்களில், வட்டம் முழுக்கப் பரவிக் கிடைக்கும். பெட்டி வைக்காதவருக்கும் இதில் ஆதாயம் உண்டு. பூசணியும் பாகலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறாகப் பூப்பவை. தேனீ வராத பெண் பூ பிஞ்சிலேயே வெம்பி விழும், அரைகுறையாக மகரந்தம் பெற்றது கோணல் காயாகும். சந்தையில் அந்தக் காய்க்கு என்ன விலை என்பதை ஒட்டன்சத்திரம் விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் பெட்டி கேட்டு மனு கொடுக்கும்போது, கூடவே எள் விதையும் புங்கன் கன்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். பெட்டியை ஒரு நாளில் இறக்கிவிடலாம். அதற்குள் தேனீ நிலைப்பதற்கான பூவை ஒரு பட்டத்துக்கு முன்பே விதைத்திருக்க வேண்டும்.